வீட்டு ஜலதாரைத் தண்ணீரும் கொல்லைத் தோட்டமும்



வாடிப்பட்டியில் தண்ணீரைப் பற்றிய பேச்சுக்கு எக்காலத்திலும் குறைவு இருந்ததில்லை. வடக்கே சிறுமலை, தெற்கே வையை, இடையே பெரியாற்றுப் பிரதானக் கால்வாய். மேற்கு மலைக்கு அப்பால் பெய்து வீணே கடலிற் சேர்ந்துகொண்டிருந்த மழையை, மலையைக் குடைந்து இப்பக்கம் திருப்பிய கர்னல் பென்னிகுயிக்கின் அணை 1895-ஆம் ஆண்டில் முடிவுற்றது. அந்த ஜலம் வையையிற் கலந்து, பேரணையில் தடுக்கப்பட்டு, கால்வாய் வழியே இத்தாலுகாவின் வயல்களை அடைகிறது. 1959-ஆம் ஆண்டில் வையை அணையும் எழுந்தது. இத்தனை பெரிய ஏற்பாடுகளுக்கு அருகே வசிக்கும் ஒரு குடும்பம், சித்திரை வைகாசியில், கொல்லையில் நிற்கும் ஒரு தென்னைக்கும் நான்கு வாழைக்கும் ஊற்றத் தண்ணீர் இல்லையென்று வருந்துவது விந்தையே. அதனினும் பெரிய விந்தை யாதெனில், அதே குடும்பத்தின் அங்கணத்திலிருந்து நாள்தோறும் பன்னிரண்டு குடம் தண்ணீர் தெருவிற்கு ஓடிக்கொண்டிருப்பது.

பன்னிரண்டு குடம் என்பது மிகைப்படுத்திச் சொல்லிய கணக்கன்று. 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 15-ஆம் தேதி அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கம், கிராமவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் தண்ணீர் குழாய் மூலம் கிடைக்கவேண்டுமென்று அளவு வகுத்தது. ஐவர் உள்ள வீட்டிற்கு 275 லிட்டர். குடிப்பதும், சோற்றிற் சேர்வதும், ஆவியாய்ப் போவதும், கக்கூசுக்குச் செலவாவதும் நீக்கினால், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 180 லிட்டர், குளித்த தண்ணீராகவும், துணி துவைத்த தண்ணீராகவும், பாத்திரம் துலக்கிய தண்ணீராகவும் வெளியேறுகிறது. பதினைந்து லிட்டர் பிடிக்கும் குடத்தால் அளந்தால் பன்னிரண்டு குடம். கிணறோ ஆழ்துளைக் குழாயோ மோட்டாரோ உள்ள வீடுகளில் இதனினும் அதிகமாகவே இருக்கும்.

இதைத் தோட்டக் கணக்காக மாற்றிப் பார்ப்பது நலம். கடுங்கோடையில் நமது சமவெளியில் ஒரு தோட்டப் பாத்தி நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐந்து மில்லிமீட்டர் கனத் தண்ணீரைச் செலவிடும். 180 லிட்டரை ஐந்து மில்லிமீட்டர் கனமாகப் பரப்பினால் 36 சதுர மீட்டர் நிலம் நனையும். ஒரு சென்ட் என்பது நாற்பது சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். ஆகவே ஐவர் குளித்துத் துவைத்த தண்ணீர், ஒரு சென்ட்டுக்குச் சற்றே குறைந்த தோட்டத்தைக் கோடை முழுவதும் தாங்கும். வருஷக் கணக்கு இன்னும் வியப்பானது. மதுரை ஜில்லாவின் சராசரி மழை ஏறக்குறைய 850 மில்லிமீட்டர். ஒரு சென்ட் நிலத்தின்மீது ஒரு வருஷத்தில் பெய்வது சுமார் 34,000 லிட்டர். அங்கணம் தருவதோ 65,000 லிட்டருக்கு மேல். வானம் கொடுப்பதைப்போல் இரு மடங்கு ஜலத்தை, வீடு தனக்குத் தெரியாமலே தெருவிற்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

தெரு அதைப் பெற்று என்ன செய்கிறது? ஜலதாரை கட்டப்பட்ட தெருவில் அது மெல்ல நகர்ந்து, குப்பையில் தடைபட்டு, தாழ்ந்த வீட்டின் வாயிலில் நிற்கிறது. ஜலதாரை இல்லாத சந்தில் வண்டித்தடத்தில் குட்டையாகிறது. மேல்வீட்டுக்காரர் தண்ணீர் விட்டதற்காகக் கீழ்வீட்டுக்காரர் பஞ்சாயத்திற்குப் போன கதை எல்லா ஊர்களிலும் உண்டு. “எங்கள் வாசலில் கோலம் போட இடமில்லாமல் உங்கள் அங்கணத்துத் தண்ணீர் நிற்கிறதே, மதினி, இது நியாயமா?” என்று கீழ்வீட்டுப் பெண் கேட்பதும், “தண்ணீர் மேட்டுக்கா ஏறும்? நான் என்ன செய்ய, ஆத்தா?” என்று மேல்வீட்டுப் பெண் விடையளிப்பதும், இரு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோவதும் வழக்கம். இருவர் சொல்வதும் உண்மையே. தண்ணீர் மேட்டுக்கு ஏறாது. ஆனால் அது வீட்டின் முன்புறமாகவே ஓடவேண்டுமென்று எந்தச் சட்டமும் இல்லை. பின்புறக் கொல்லைக்கும் அதைச் சரிக்கலாம்.

பகை ஒருபுறம் இருக்க, நோய் மறுபுறம். கொசுக்களில் பலவகை உண்டு. டெங்கு ஜுரத்தைப் பரப்பும் கொசு தெளிந்த நீரை நாடுவது. யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவோ இத்தகைய அழுக்கு நீரையே தன் தொட்டிலாகக் கொள்வது. முட்டை வெடித்துப் புழுவாகிக் கூடாகிக் கொசுவாய்ப் பறக்க, நமது உஷ்ண தேசத்தில் ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். ஆகவே எந்தக் குட்டையும் ஒரு வாரத்திற்குமேல் ஈரமாக நிற்கலாகாது என்பதே கணக்கு. மருந்து தெளித்துக் கொசுவைத் தொலைப்பதைவிடக் குட்டையைத் தொலைப்பது மலிவு.

இனி, இந்தத் தண்ணீரைத் தோட்டத்திற்கு விடலாமா என்னும் கேள்வி. இது புதிய யோசனையன்று. கிணற்றடியில் வாழையும் துவைகல்லின் ஓரத்தில் சேம்பும் வைக்காத வீடு முற்காலத்தில் அபூர்வம். அரிசி களைந்த கழனித்தண்ணீரும் வடித்த கஞ்சியும் கழனித்தொட்டியில் விழுந்து மாட்டிற்குப் போயின. குளித்த தண்ணீர் தென்னைக்குப் போயிற்று. வீணென்று ஒன்று அந்த வீட்டில் இருந்ததில்லை. குழாய் வீட்டிற்குள் வந்து, குளிக்கும் அறை வீட்டிற்குள் வந்து, சிமெண்டுத் தளமும் பிளாஸ்டிக் குழாயும் வந்தபின், தண்ணீர் போகும் வழி கண்ணுக்கு மறைந்தது.

பட்டணங்களிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. அதிலும் நமது மதுரையே ஒரு பழைய முன்மாதிரி. 1920-களில் மதுரை நகரில் பாதாளச் சாக்கடை அமைக்கப்பட்டபோது, அதன் கழிவு அவனியாபுரத்துப் பக்கம் கொண்டுசெல்லப்பட்டு, அங்கே நகரசபைப் பண்ணையில் கினியாப் புல் பயிராகி, மாடு வைத்திருப்போருக்குத் தீவனமாயிற்று. நகரம் தள்ளிய ஜலம் புல்லாகி, புல் பாலாகி, மீண்டும் நகரத்திற்கே காலையில் வந்து சேர்ந்தது. இந்நூற்றாண்டில் அவனியாபுரத்திலும் சக்கிமங்கலத்திலும் பெரிய சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுவப்பட்டன. சென்னையில் 2019-ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வறண்டு ஜனங்கள் குடத்தோடு வீதியில் நின்றதை யாவரும் அறிவர். அவ்வாண்டிலேயே கோயம்பேட்டில், கழிவு ஜலத்தைப் பலமுறை வடித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையம் வேலை செய்யத் தொடங்கியது. அமெரிக்காவில் பிளாரிடா மாகாணத்துச் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்னும் ஊர், 1977-ஆம் ஆண்டு முதல், குடிநீருக்கு ஒரு குழாயும், சுத்திகரித்த கழிவு ஜலத்திற்கு வேறொரு குழாயுமாக இரட்டைக் குழாய் போட்டு, வீட்டு முற்றத்துப் புல்தரைகளுக்கு அத்தண்ணீரைப் பாய்ச்சிவருகிறது. இஸ்ரேல் தேசத்தில் கழிவு ஜலத்தில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் விவசாயத்திற்குத் திரும்புகிறது.

இவை யந்திரமும் நிபுணரும் உள்ள இடங்கள். பாதாளச் சாக்கடை இல்லாத கிராமத்து வீட்டிற்கு அந்த வழி ஏற்காது. ஏற்கவேண்டிய அவசியமும் இல்லை. காரணம், நகரத்தின் கழிவில் கக்கூசின் ஜலமும் கலந்திருக்கிறது. அதனால்தான் அவ்வளவு யந்திரம். வீட்டிலேயே கக்கூசுக் குழாயைத் தனியே பிரித்துவிட்டால், மிஞ்சுகிற தண்ணீரைச் சுத்தம் செய்ய நாரும் கரியும் கல்லும் வேரும் போதும். இந்தப் பிரிவினையே இவ்விஷயத்தில் முதல் விதி. கக்கூசுத் தண்ணீரையோ, செப்டிக் தொட்டியிலிருந்து வழியும் தண்ணீரையோ கொல்லைச் செடிகளுக்கு விடுவது கூடாது. நாக்குப்பூச்சியின் முட்டைகள் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, மண்ணில் விளையாடும் குழந்தையின் நகக்கண் வழியாக வயிற்றைச் சேரும். குழந்தையின் மலத்துணி அலசிய தண்ணீரும், வயிற்றுப்போக்கு முதலிய நோய் கண்டவர் துணியை அலசிய தண்ணீரும் இக்கணக்கிலேயே சேரும். அவை கக்கூசிற்கே போகவேண்டும்.

இரண்டாவது ஆட்சேபம் விவசாயிகளிடமிருந்து வருவது: “சோப்புத் தண்ணீர் விட்டால் மரம் பட்டுப்போகும்.” இதை அறியாமை என்று தள்ளுவோர் தாமே அறியாதவர். சோப்பு என்பது எண்ணெயும் காரமும் சேர்ந்த பண்டம். குளியல் சோப்பிலும் துவைக்கும் தூளிலும் உள்ள காரம் பெரும்பாலும் சோடியம் சேர்ந்தது. அக்காலத்தில் சலவைத் தொழிலாளர் வெள்ளாவிக்கு உவர்மண்ணைப் பயன்படுத்தினர். அந்த உவர்மண்ணில் அழுக்கை நீக்கிய பொருளும், இன்று தூளாகப் பெட்டியில் வரும் பொருளில் ஒரு பகுதியும் ஒன்றே. உவர்நிலத்தில் பயிர் ஏறாதென்பதை எந்த விவசாயிக்கும் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. துவைத்த தண்ணீரையே ஒரே குழியில் வருஷக்கணக்காகக் கொட்டினால், அந்தக் குழி சிறுகச்சிறுக உவர்நிலமாகும். மண்ணின் துகள்கள் பிரிந்து சேறாகி, காய்ந்தபின் ஓடுபோல் இறுகி, தண்ணீரை உள்ளே விடாது. மேலே வெள்ளை பூக்கும். இலையின் விளிம்பு கருகும். செம்மண் இதைச் சிறிது காலம் பொறுக்கும். களியும் கரிசலும் விரைவில் கெடும்.

ஆனால் இதற்குப் பரிகாரம் உண்டு. துணி துவைக்கும்போது முதல் அலசலில்தான் காரம் மிகுதி. இரண்டாம் மூன்றாம் அலசல் ஏறக்குறைய வெறுந்தண்ணீர். முதல் அலசலை உறிஞ்சுகுழிக்கும், பின்னவற்றைத் தோட்டத்திற்கும் அனுப்பவேண்டும். துவைக்கும் யந்திரம் உள்ள வீட்டில் அதன் குழாயைக் கையால் நகர்த்துவதே இதற்குப் போதும். போராக்ஸ் சேர்ந்த தூளை அறவே விலக்கவேண்டும். அதிலுள்ள போரான் சிறிதளவில் செடிக்கு உணவு, சற்று மிஞ்சினால் விஷம். வெளுப்புத்தூள் கரைத்த தண்ணீரும் ஆகாது. சீயக்காயும் அரப்பும் தேய்த்துக் குளித்த தண்ணீரில் இத்தொல்லை ஒன்றும் இல்லை. சிகைக்கு நல்லது வேருக்கும் நல்லதாக அமைந்தது தற்செயலே. ஒரே இடத்தில் நாள்தோறும் விடாமல், இரண்டு மூன்று பாத்திகளாகப் பிரித்து, வாரம் ஒரு பாத்தி என்று முறைமாற்றி விட்டால் மண் ஓய்வு பெறும். ஐப்பசி கார்த்திகை மழை உப்பைக் கழுவிக் கீழே இறக்கும். ஆகையால் மழைமாதங்களில் அங்கணத் தண்ணீரைத் தோட்டத்திற்கு விடாமல் உறிஞ்சுகுழிக்கே திருப்புவது உத்தமம். மண் இறுகத் தொடங்கியதாகக் கண்டால், மழைக்கு முன் ஜிப்சத்தைத் தூவிக் கொத்திவிட வேண்டும். அதிலுள்ள சுண்ணச் சத்து சோடியத்தை மண்ணிலிருந்து பெயர்த்துவிடும். மழை அதை அடித்துச் செல்லும்.

வடிகட்டும் முறை பின்வருமாறு. சமையலறைத் தண்ணீரே இவற்றுள் தொல்லை மிகுந்தது. பருக்கை, எண்ணெய், குழம்பின் வண்டல் யாவும் அதில் உண்டு. இதற்கு அடியில் துளையிட்ட மண்பானை ஒன்றில் தேங்காய் நாரைத் தளர்வாக அடைத்து, குழாயின் வாயில் வைத்தால், எண்ணெயும் பருக்கையும் நாரில் தங்கும். வாரம் ஒருமுறை நாரை எடுத்து எருக்குழியில் எறிந்து புதிய நார் வைக்கவேண்டும். தென்னை சூழ்ந்த வாடிப்பட்டிப் பக்கத்தில் நாருக்குப் பஞ்சம் இல்லை. இந்தப் பானையைக் கடந்த தண்ணீரும் குளித்த தண்ணீரும் ஒன்றுசேர்ந்து ஒரு கல்பாத்திக்குப் போகவேண்டும்.

கல்பாத்தி என்பது இரண்டு மீட்டர் நீளமும், முக்கால் மீட்டர் அகலமும், அறுபது சென்டிமீட்டர் ஆழமும் உள்ள ஒரு குழி. அடியும் பக்கமும் செங்கல் பரப்பிச் சிமெண்டு பூசியோ, களிமண் அறைந்தோ, தண்ணீர் கசியாதபடி செய்யவேண்டும். இரு முனைகளிலும் பெருங்கல், நடுவில் ஜல்லி, மேலே சிறிது பொடிக்கல்லும் கரித்துண்டும். ஆற்று மணல் வேண்டியதில்லை. அதன் விலையும் அதைச் சுற்றிய வழக்குகளும் யாவரும் அறிந்தவை. தண்ணீர் ஒரு முனையில் புகுந்து மறுமுனையில் வெளியேறவேண்டும். வெளியேறும் குழாய் மேல்மட்டத்திற்குப் பத்து சென்டிமீட்டர் கீழே இருக்கவேண்டும். இந்தப் பத்து சென்டிமீட்டரில்தான் சூட்சுமம். தண்ணீர் எப்போதும் கல்லுக்கடியில் மறைந்தே ஓடும். கொசு முட்டையிட நீர்ப்பரப்பு ஒன்று அதற்குத் தென்படாது.

இப்பாத்தியில் கல்வாழையும் சேம்பும் நடவேண்டும். சென்னையில் மழைநீர்ச் சேகரிப்பைப் பற்றி நெடுங்காலம் எழுதியும் பேசியும் வந்த இந்துகாந்த் ரகாடே, அடுக்குமாடி வீடுகளின் குளியல் தண்ணீரைக் கல்வாழைப் பாத்தியின் வழியாக நிலத்திற்குத் திருப்பும் முறையைப் பரப்பினார். கல்லின்மேல் படியும் நுண்ணுயிர்கள் அழுக்கை உண்கின்றன. வேர் அவற்றிற்கு இடமும் காற்றும் கொடுத்து, கரைந்த சத்தில் ஒரு பகுதியைத் தானும் எடுத்துக்கொள்கிறது. மேற்சொன்ன அளவுள்ள குழியில் கல்லிடைவெளி ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு; அதில் 300 லிட்டர் தண்ணீர் நிற்கும். நாளொன்றுக்கு 180 லிட்டர் வரும் வீட்டில், புகுந்த தண்ணீர் வெளியே வர ஒன்றரை நாளுக்குமேல் ஆகும். இதைக் கேட்டு, பாத்தி வேண்டாம், தொட்டியில் ஒன்றரை நாள் பிடித்துவைத்தாலே போதுமே என்று எண்ணுவது தவறு. தொட்டியில் தேங்கிய அழுக்கு நீர் ஒரு நாளுக்குள் அழுகி நாறும், கிருமியும் பெருகும். வடிகட்டாத தண்ணீரை அன்றே மண்ணிற்குக் கொடுத்துவிட வேண்டும்.

எந்தச் செடிக்கு என்னும் விஷயத்தில் உலக சுகாதார ஸ்தாபனம் 2006-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி நூல்களில், இவ்வகைத் தண்ணீரைப் பற்றியும் பேசும் ஒரு தொகுதி இருக்கிறது. அதன் சாரம், உண்ணும் பாகத்தில் தண்ணீர் படலாகாது என்பதே. கீரை, கொத்தமல்லி, வெள்ளரி, முள்ளங்கி, காரட் முதலியவற்றிற்கு இத்தண்ணீர் வேண்டாம். பச்சையாய்த் தின்பவையும் மண்ணைத் தொட்டு விளைபவையும் குழாய்த் தண்ணீருக்கே உரியவை. தென்னை, முருங்கை, மா, பப்பாளி இவை உயரத்தில் காய்ப்பவை. வேரடியில் விட்டால் தீங்கில்லை. தென்னை உப்பைப் பொறுக்கும் ஜாதி. அதற்குத் துவைத்த தண்ணீரும் ஒருவாறு ஏற்கும். கோடையில் காய்க்கும் தென்னை ஒன்று நாளொன்றுக்கு ஐம்பது லிட்டர் வரை ஏற்றுக்கொள்ளும். வாழை குளித்த தண்ணீரில் செழிக்கும், ஆனால் சோடியம் மிகுந்தால் இலை விளிம்பு காட்டிக்கொடுத்துவிடும். ஒருவகையில் அது தோட்டக்காரருக்கு ஒரு சோதனைக் கருவி. எலுமிச்சை மிகவும் மென்மையானது. உப்பும் போரானும் அதற்கு ஆகா. மல்லிகை வைத்திருப்போர் — இப்பக்கத்தில் வைக்காதோர் யார்? 2013-ஆம் ஆண்டில் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது — செடிமேல் தெளிக்காமல், தூரில் தழைமூட்டத்திற்கு அடியில் தண்ணீர் புகும்படி விடவேண்டும். பறிப்பவர் கையும் சூடுபவர் கூந்தலும் அதைத் தொடுவதால்.

மாடு வைத்திருக்கும் வீட்டிற்குப் புல்லே சிறந்தது. சீமைகளில் முற்றத்துப் புல்தரை கண்ணுக்கு விருந்து. நம் கொல்லையில் அது கறவை மாட்டிற்கு விருந்தாக இருக்கட்டும். அரை சென்ட்டில் கம்பு நேப்பியரோ கினியாப் புல்லோ வைத்துப் பாத்தியின் தண்ணீரை விட்டால், ஒன்றரை மாதத்திற்கு ஒருமுறை அறுக்கலாம். அறுப்பதற்கு முன் சில நாள் தண்ணீரை வேறு பாத்திக்கு மாற்றிப் புல்லை உலரவிடவேண்டும்.

எப்பயிராயினும், வாய்க்காலின்மீது காய்ந்த தென்னோலையையோ சருகையோ மூடிவிடுவது அவசியம். தண்ணீர் ஆவியாவது குறையும். கோழியும் குழந்தையும் அதில் இறங்குவது தடைபடும். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் முதலிய அமெரிக்க ஊர்களில் இத்தகைய குழாய்களுக்கு ஊதா வர்ணம் பூசுகின்றனர். அதே யோசனையை இங்கும் கொள்ளலாம். வர்ணம் எதுவாயினும், குடிநீர்க் குழாயின் வர்ணமாக இராமல் இருந்தால் சரி. விருந்துக்கு வந்த சிறுபிள்ளை எந்தக் குழாயில் வாய் வைக்கும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்லமுடியாது.

கிணறு உள்ள கொல்லையில் ஒரு எச்சரிக்கை மிகமிக முக்கியம். உறிஞ்சுகுழியோ பாத்தியின் வாய்க்காலோ குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது பதினைந்து மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். அதுவும் கிணற்றைவிடத் தாழ்ந்த பக்கத்தில். தன் கிணறு மட்டுமன்று, சுவருக்கப்பால் இருக்கும் அண்டைவீட்டுக் கிணறும் கணக்கில் சேரும். பலர் தம் கிணற்றிலிருந்து தூரமாகத் தோண்டி, அடுத்தவர் கிணற்றுக்கு அருகே கொண்டுபோய் வைக்கின்றனர். வாடிப்பட்டிப் பக்கத்திற்கென்றே மற்றொரு விஷயமும் உண்டு. பெரியாற்றுக் கால்வாயில் தண்ணீர் ஓடும் மாதங்களில் பக்கத்துக் கிணறுகளின் நீர்மட்டம் ஏறும். மாசியில் தோண்டும்போது பத்தடியில் ஈரம்கூடத் தெரியாத குழி, கால்வாய் நிறைந்து மழையும் சேர்ந்த கார்த்திகையில் அடியூற்றோடு தொட்டுக்கொள்ளக்கூடும். அப்போது குழியில் விழும் அழுக்கு மண்ணில் வடிபடாமல் நேரே கிணற்றிற்குச் செல்லும். ஆகையால் குழியின் ஆழத்தைக் கோடைக் கணக்கால் தீர்மானிக்கலாகாது. உறிஞ்சுகுழிக்கு ஒரு மீட்டர் ஆழமே ஏராளம். அந்தக் கொல்லையில் கார்த்திகையில் தண்ணீர் எவ்வளவு மேலே வரும் என்பதை வீட்டிலுள்ள வயோதிகர் சொல்வர். எந்த அளவுகோலையும்விட அவர் நினைவு நம்பத்தக்கது. பதினைந்து மீட்டர் கிடைக்காத சிறு கொல்லைக்காரர் உறிஞ்சுகுழி தோண்டாமல், கசியாத கல்பாத்தியோடு நிறுத்திக்கொண்டு, மிச்சத்தைத் தெருவின் பொது ஏற்பாட்டிற்கு விடுவதே முறை.

அந்தப் பொது ஏற்பாடே கடினமான பகுதி. 2020-ஆம் ஆண்டு முதல் தூய்மை பாரத இயக்கத்தின் இரண்டாம் கட்டத்தில் கிராம ஊராட்சிகளில் கழிவு ஜலத்திற்கென்று பணம் ஒதுக்கப்பட்டது. 2021-ஆம் ஆண்டில் உறிஞ்சுகுழி தோண்டும் இயக்கம் ஒன்று தேசமெங்கும் நடந்தது. ஊரக வேலை உறுதித் திட்டத்திலும் தனிவீட்டிற்கும் பொதுவிடத்திற்கும் குழிகள் தோண்டப்பட்டன. தோண்டியதில் குறையில்லை. பிறகு நாரை மாற்றுவது யார், வண்டலை அள்ளுவது யார் என்று கேட்டால் பதில் இல்லை. வண்டல் ஏறி அடைபட்ட உறிஞ்சுகுழி, இராத குழியினும் கேடு; அது சர்க்கார் செலவில் கட்டிய கொசுப்பண்ணை.

இவ்விடத்தில் கூட்டுறவின் அனுபவம் உதவும். 1904-ஆம் ஆண்டில், திருவள்ளூருக்கு அருகே திரூரில், இம்மாகாணத்தின் முதல் விவசாயக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அன்று சேர்ந்த விவசாயிகள் பெரும் பணக்காரரல்லர். ஒருவர் கடனுக்கு மற்றவர் பொறுப்பு என்ற ஒரே விதியின்மீது நின்றனர். ஜலதாரைக்கும் அவ்விதியே பொருந்தும். மேல்வீட்டின் நார் மாற்றப்படாவிட்டால் கீழ்வீட்டின் பாத்தி அடைபடும். ஆகையால் மேல்வீட்டின் நாரைப் பற்றிக் கேட்கும் உரிமை கீழ்வீட்டிற்கு இருக்கவேண்டும், கேட்பதை வம்பாகக் கொள்ளாத மனமும் மேல்வீட்டிற்கு இருக்கவேண்டும்.

பத்து வீடுகள் உள்ள ஒரு தெருவில் நாளொன்றுக்குச் சேரும் தண்ணீர் 1,800 லிட்டர். தெருக்கோடியில் பேரூராட்சியின் அனுமதியோடு ஒரு பெரிய கல்பாத்தியும், அதை அடுத்து வாழையோ புல்லோ வைக்கும் சிறிய நிலமும் அமைக்கலாம். ஆரம்பத்தில் யாவரும் உற்சாகமாகவே இருப்பர். சண்டை வருவது குலை தள்ளும்போது. தார் யாருக்கு? தண்ணீர் அதிகம் விட்டவருக்கா, மண்வெட்டி பிடித்தவருக்கா, நிலத்தை ஒட்டி வீடு உள்ளவருக்கா? இதற்கு விடையை வாழை நடுவதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளவேண்டும். முறைவைத்து வெட்டுவது ஒரு வழி. வெட்டியதைத் தெருவிலேயே ஏலம் போட்டு, அப்பணத்தில் நாரும் ஜல்லியும் வாங்கி, வண்டல் அள்ளுபவருக்குக் கூலியும் கொடுப்பது அதனினும் நல்ல வழி. வண்டல் அள்ளும் வேலையை, இது அவர்கள் வேலை என்று எந்த ஒரு ஜாதியார் தலையிலும் கட்டுவது கூடாது. அது அங்கணத்துத் தண்ணீரின் வண்டல், கக்கூசின் மலமன்று. மண்வெட்டியும் கையுறையும் உள்ள எவரும் செய்யக்கூடிய வேலை. ஏலக்கணக்கை ஒரு நோட்டில் எழுதி, மாதம் ஒருமுறை தெருவார் முன்பு வாசித்துவிட்டால், அடுத்த குலைக்குச் சண்டை வராது.

வேலையைத் தொடங்கத் தக்க காலம் தை மாதம். மழை நின்று, மண் ஈரம் குறைந்து, வெட்ட இலகுவாயிருக்கும். நட்ட கல்வாழை பங்குனிக்குள் வேர்பிடித்துக் கோடையில் முழுவேலை செய்யும். முதல் மூன்று வாரம் பாத்தியிலிருந்து வெளிவரும் தண்ணீரில் சிறிது நாற்றம் இருக்கும். கல்லின்மேல் நுண்ணுயிர் படிய அவ்வளவு நாளாகும். அதைக் கண்டு குழியை மூடிவிடலாகாது. ஒரு மாதம் கழிந்தும் நாற்றம் தீராவிட்டால், சமையலறை நார்ப்பானையை முதலில் பார்க்கவேண்டும்; பெரும்பாலும் அங்கேதான் எண்ணெய் அடைத்துக்கொண்டிருக்கும். கல்யாணம், காதுகுத்து போன்ற விசேஷ நாட்களில் பந்திக்குச் சமைத்த அண்டாக்களைக் கழுவும் தண்ணீர் பாத்தி தாங்காத அளவு வரும். அந்த இரண்டு நாளும் அடைப்பை மாற்றி, யாவற்றையும் தென்னந்தூரில் வெட்டிய வட்டக்குழிக்கு நேரே விட்டுவிட்டு, மூன்றாம் நாள் புதிய நார் வைத்துப் பாத்தியைத் திறக்கவேண்டும்.